காலையில் பிடிக்காத பிக்கப்: ஹீட்டர் பிளக்குக்கு கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது எப்படி

ஆறிக் கிடக்கும் டீசல் இன்ஜின் பிடிக்க உள்ளே சூடு கொடுப்பது ஹீட்டர் பிளக். நம்ம பக்கத்து வெயிலில் அது செத்துக் கிடப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ நிற்கிற பிக்கப்புக்கு அதன் தயவே வேண்டியதில்லை, சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். அதே வண்டி மார்கழியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி, ராத்திரி அங்கேயே நின்று, வெள்ளெனக் கேரட் லோடு ஏற்றக் கிளம்பும்போதுதான் குட்டு வெளிப்படும். தாளவாடி, வால்பாறை ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். உடனே யாராவது நாலு பிளக்கையும் மாற்றிவிடு என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல வண்டிகளில் பிளக் நன்றாகவே இருக்கும், அதுவரைக்கும் கரண்ட் வந்து சேராததுதான் கோளாறு.

நான் சொல்வதெல்லாம் 12 வோல்ட் சின்ன வண்டிகளுக்கு. சங்ககிரி, நாமக்கல்லில் நிற்கிற 24 வோல்ட் பெரிய லாரிகளில் பெரும்பாலும் ஹீட்டர் பிளக்கே கிடையாது.

முதலில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு பத்தாமல் எரியவில்லை என்று அர்த்தம். துளிப் புகையும் இல்லையென்றால் டீசலே போகவில்லை, லைனில் காற்று அடைத்திருக்கிறதா (ஏர் லாக்) என்றும் டீசல் ஃபில்டரையும் பாருங்கள், பிளக் பக்கமே போகாதீர்கள். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி. நிற்கும்போது 12.4 வோல்ட்டாவது இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கையில் 9.5-க்குக் கீழே விழுந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு லைட் எரிந்து அணைகிறதே, அதை நம்ப வேண்டாம். பழைய வண்டிகளில் அது, பிளக்குக்கு எத்தனை நொடி கரண்ட் என்று கணக்கு வைக்கும் டைமர் சொல்வதைத்தான் காட்டும், பிளக் சூடானதா என்பது அதற்குத் தெரியாது.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, அதாவது காலையில், ஒருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லிவிட்டு டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை எர்த்திலும் மறு முனையை பிளக்குகளை இணைக்கும் பட்டையிலும் வையுங்கள். சில நொடிகள் எரிந்து அணைந்தால் கரண்ட் வருகிறது. மத்தியான வெயிலில் செய்து பார்த்து எரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஜின் சூடாக இருந்தால் டைமர் கரண்டே விடாது.

லேம்ப் எரிந்தாலும் வேலை முடியவில்லை. லேம்ப்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஒவ்வொரு பிளக்கும் தொடக்கத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக வாய்க்கால் பாய்ச்ச முடியுமா? பச்சை பூத்த டெர்மினலில் நாலு இழை மட்டும் மிச்சமிருக்கும் ஒயர் லேம்ப்பை ஜம்மென்று எரிய வைக்கும், பிளக்கைச் சூடாக்காது.

ஆகவே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். பிளக் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு முனையை ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிளக்குக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயில் கரண்ட் நுழையும் 30-ஆம் கால், வெளியேறும் 87-ஆம் கால், கடைசியாகப் பட்டை என்று நகர்த்திக்கொண்டே போங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைகிற வோல்ட். 0.1, 0.2 என்று மெல்ல ஏறினால் பரவாயில்லை. எந்த இடத்தில் திடீரென்று ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று குதிக்கிறதோ கோளாறு அங்கேதான். ஃபியூஸின் போல்ட் தளர்ந்திருக்கலாம், மேலே முழுசாகத் தெரிகிற ஃபியூஸ் நட்டுக்கு அடியில் விரிசல் விட்டிருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம். 30-க்கும் 87-க்கும் நடுவில் குதித்தால் ரிலேயின் பாயின்ட் கருகியிருக்கிறது. டிக் என்று சத்தம் கேட்கிறதே என்பார்கள். கருகிய ரிலேயும் டிக் என்றுதான் சொல்லும். சத்தமே இல்லையென்றால் ரிலேயை இழுக்க வைக்கும் 85, 86 கால்களுக்கு நடுவில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் ரிலே போச்சு, வராவிட்டால் டைமரையோ அதற்கு வருகிற ஒயரையோ தேட வேண்டும்.

பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். பிளக்குக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, மரை வழியாக இன்ஜின்தான் எர்த்.

இவ்வளவும் சரியென்றால்தான் பிளக். பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் இன்ஜினுக்கும் ஓம்ஸ் பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒட்டவைத்து, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இத்தனை சின்ன அளவில் ஏமாந்துபோவீர்கள். ஆறிய பிளக் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மீட்டர் அசையவே இல்லையென்றால் அந்த பிளக் செத்தது.

கழற்றுவதாக இருந்தால் முதல் நாளே மரையில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள், ஒடிந்து ஹெட்டுக்குள் நின்றுவிட்டால் செலவு வேற மாதிரி. வெளியே எடுத்ததை பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. பிளக் மேலே எழுதியிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் செய்யாதீர்கள். புது வண்டிகளில் 5, 7 வோல்ட் பிளக்கும் வருகிறது, 12 கொடுத்தால் நொடியில் கருகும். கையில் பிடித்துக்கொண்டும் செய்யாதீர்கள்.

வண்டி பிடிக்கவில்லை என்று ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ பெட்ரோல் துணியோ காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டால் உள்ளேயே வெடிக்கும், பிஸ்டன் போய்விடும்.

புது பிளக்கும் அடுத்தடுத்து கருகினால் பிளக் கம்பெனியைத் திட்டும் முன் ரிலேயைப் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி நன்றாகச் சூடான பிறகும் பட்டையில் 12 வோல்ட் நின்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் 14.8-க்கு மேல் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.