டீகோடர் என்ஜினைப் பழைய டிசி லேஅவுட்டில் ஓட்டுவது எப்படி?

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன், எனக்கு ஓஓ என்கிற மாடல் ரயில் அளவில் ஒரு டீசல் என்ஜின் வாங்கிவந்திருந்தான். கும்பகோணத்தில் எங்கள் மாடி அறையில் கிடக்கும் லேஅவுட்டோ (பலகையில் தண்டவாளம் பதித்த மாடல் ரயில் பாதை) பழைய டிசி, அதாவது நேர்மின்சார ரகம். ஒரு கண்ட்ரோலர், ஒரு குமிழ், இரண்டு ஒயர், அவ்வளவுதான். என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துக் குமிழைக் கால்வாசி திருப்பினான். அசையவில்லை. "மாமா, செத்துப்போச்சு போல" என்றான். சாகவில்லை. உள்ளே டீகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு என்ஜின் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை வாய்க்கால் கணக்கில் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். டிசியில் தண்டவாளத்துக்கு எவ்வளவு வோல்ட் விடுகிறோமோ அதுதான் வேகம், 0 முதல் 12 வரை. பிளஸ் மைனஸை மாற்றினால் வண்டி பின்னால் போகும். வாய்க்காலில் வருகிற தண்ணீர் அப்படியே வயலுக்குள் பாய்வது மாதிரி, நடுவில் யாரும் கிடையாது. டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் வாய்க்கால் எப்போதும் ததும்ப ஓடும், சுமார் 14 முதல் 16 வோல்ட். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி மடை உண்டு. எந்த மடையை எவ்வளவு திறப்பது என்ற உத்தரவும் அந்தத் தண்ணீரோடேயே வரும். மடையைத் திறந்து மூடுகிற ஆள்தான் டீகோடர். டிசி தண்டவாளத்தில் உத்தரவு எதுவும் வராததால், அவன் வோல்ட்டைப் பார்த்தே மோட்டாரை ஓட்டுவான். ஆனால் அவன் கண்விழிக்கவே 5, 6 வோல்ட் வேண்டும். அதுவரை வண்டி கடைமடை வயல் மாதிரி காய்ந்துதான் கிடக்கும்.

முதலில் கண்ட்ரோலரை அளந்து பாருங்கள்

என்ஜினை வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, காலித் தண்டவாளத்தில் இரண்டு முனைகளையும் தொட்டு, குமிழை முழுவதும் திருப்புங்கள். என்னிடமிருந்த பழைய கண்ட்ரோலர் ஒன்றின் மேல் 12 என்று போட்டிருந்தது. மீட்டரோ 19-ஐத் தொட்டது. இழுக்க வண்டி எதுவும் இல்லாதபோது இப்படித்தான் ஏறி நிற்கும். அதோடு, வடிகட்டாத டிசியில் மீட்டர் காட்டுவது சராசரிதான். உச்சம் அதைவிட மேலே போகும். உங்கள் மீட்டர் 16-க்கு மேல் காட்டினால் அந்தக் கண்ட்ரோலரை விட்டுவிடுங்கள். பழைய மோட்டார் தாங்கும், டீகோடர் தாங்காமல் போகலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. டீகோடர் இல்லாத பழைய என்ஜின் ஒன்றை மிக மெதுவாக ஓட்டிக் காதைக் கிட்டே வையுங்கள். 'ர்ர்ர்' என்று அதிர்ந்துகொண்டே நகர்ந்தால் அது மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விடும் கண்ட்ரோலர். பழைய வண்டியைத் தவழவிட அது அருமையான பொருள்தான். ஆனால் டீகோடருக்கு அந்தத் துடிப்பு குழப்பம். வண்டி திக்கித் திணறும், டீகோடர் கெட்டுப்போவதும் உண்டு. சீரான டிசி தருகிற கண்ட்ரோலர்தான் இதற்குச் சரி.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். வயல் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வீட்டு மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் கண்ட்ரோலரின் 12 வோல்ட் 9-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதில் டீகோடர் கண்விழிக்கவே 6 போய்விட்டால் வண்டி எப்படி வேகமெடுக்கும்? என்ஜினைக் குறை சொல்லாமல் மீட்டரைப் பாருங்கள்.

சிவி 29

டீகோடருக்குள் சிவி என்ற எண்கள் வழியாகத்தான் அமைப்புகள் இருக்கின்றன. டிசியில் ஓடலாமா கூடாதா என்பது 29-ஆம் சிவியில் இருக்கும் 4 என்ற மதிப்பு. பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே இது திறந்துதான் வரும். இந்த ஒரே எண்ணில் பல அமைப்புகளின் மதிப்புகள் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். 6 என்று இருந்தால் 4-ம் 2-ம் சேர்ந்தது. 12 வோல்ட் கொடுத்தும் வண்டி அசையவே இல்லையென்றால் யாரோ இதை அடைத்திருக்கலாம். டிசி கண்ட்ரோலரால் இதை மாற்ற முடியாது. டிசிசி வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோய் சிவி 29-ஐப் படித்து, 4 இல்லாவிட்டால் கூட்டச் சொல்லுங்கள். 2 இருந்தால் 6, 34 இருந்தால் 38. ஒரு நிமிட வேலை.

இனி ஓட்டலாம்

குமிழைச் சுழியிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். ஒன்றும் நடக்காது. பொறுங்கள். 5, 6 வோல்ட் பக்கம் வரும்போது முதலில் முன்விளக்கு எரியும், அப்புறம் வண்டி நகரும். ஒலி உள்ள என்ஜினாக இருந்தால் முதலில் என்ஜின் உறுமும், நகர இன்னும் கொஞ்சம் வோல்ட் கேட்கும். அக்கா மகன் பொறுமையில்லாமல் ஒரே திருப்பாகத் திருப்பியதில் வண்டி துள்ளிப் பாய்ந்து வளைவில் சாய்ந்தது.

நிறுத்துவதும் அப்படித்தான். குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தால், சுழிக்கு வெகு முன்பே வண்டி நின்றுவிடும். திசை மாற்ற வேண்டுமானால் சுழிக்குக் கொண்டுவந்து, இரண்டு மூன்று நொடி விட்டு, பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். ஓடுகிற வண்டியில் தட்டாதீர்கள். ஹாரன், டிரைவர் அறை விளக்கு எல்லாம் டிசியில் பொத்தான் போட்டு இயங்காது.

ஸ்டேஷன் லூப் லைனில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வைத்திருப்பீர்கள். அது முன்பு போலவே வேலை செய்யும். துண்டித்த லைனில் டீகோடர் என்ஜின் தூங்கும். ஆனால் டீகோடரோடு மின்தேக்கி இருந்தால் எச்சரிக்கை. என் லேஅவுட்டில் நீடாமங்கலம் மாதிரி ஒரு கேட் போட்டிருக்கிறேன், எப்போதும் மூடியே கிடக்கும். அதற்கு அடுத்த லைனைத் துண்டித்திருந்தேன். மின்தேக்கியில் மிச்சமிருந்த மின்சாரத்தில் வண்டி துண்டித்த லைனுக்குள்ளும் நிற்காமல் போய், தீப்பெட்டியால் செய்த முட்டுக்கட்டையைத் தள்ளிக்கொண்டு பலகை விளிம்பில் நின்றது. இனி அந்த லைனில் அரை அடி அதிகம் விடுவேன்.

டீகோடர் உள்ள என்ஜினையும் இல்லாததையும் சேர்த்து ஒரே ரயிலை இழுக்க வைக்காதீர்கள். ஒன்று 2 வோல்ட்டில் கிளம்பும், மற்றது 6-ல். முதலில் கிளம்பியதன் சக்கரம் சுழன்றே தேயும். டிசி கண்ட்ரோலரும் டிசிசி கண்ட்ரோலரும் ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் இருக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தண்டவாளம் கறுக்கும். பழைய வண்டி அந்த இடத்தில் ஒரு குலுக்கோடு போய்விடும். டீகோடர் வண்டி தொடர்பு விட்டுப்போன ஒவ்வொரு முறையும் திரும்பக் கண்விழிக்க வேண்டும், அதனால் விக்கி விக்கி ஓடும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். வெள்ளைத் துணியில் நனைத்து, துணி கறுப்பது நிற்கும்வரை துடையுங்கள்.

எப்போதும் டிசிதான் என்றால்

அப்போது டீகோடரையே கழற்றிவிடுவதுதான் என் கட்சி. பெட்டியின் மூலையில் சிறிய டம்மி பிளக் ஒன்று வந்திருக்கலாம், குப்பையில் போட்டுவிடாதீர்கள். டீகோடரை நேராக இழுத்து எடுத்து, அந்த இடத்தில் இதைச் செருகினால் வண்டி 2 வோல்ட்டிலேயே நகரும். 8 முள் பிளக்காக இருந்தால் முதல் முள்ளின் அடையாளம் பார்த்துச் செருகுங்கள். திருப்பிப் போட்டாலும் வண்டி ஓடும், விளக்கு சரியாக எரியாமல் போகலாம். எடுத்த டீகோடரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி டப்பாவில் வைத்து, மேலே என்ஜின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.