பிரேடர்-வில்லி உள்ள பிள்ளைக்கு எவ்வளவு கலோரி செலவாகிறது? அளந்து பார்க்கும் முறை

பிரேடர்-வில்லி என்பது 15ஆம் குரோமோசோமில் ஏற்படும் மாற்றத்தால் வரும் மரபணுக் குறைபாடு. பசி அடங்காது. தசை குறைவு என்பதால் உடல் எரிக்கும் கலோரியும் குறைவு. மற்றப் பிள்ளைகளுக்கான அட்டவணையைப் பார்த்துச் சோறு போட்டால் எடை ஏறிவிடும். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

முதலில், சும்மா படுத்திருக்கும்போது ஆகும் செலவு. இதை வீட்டில் அளக்க முடியாது. ‘இன்டைரக்ட் கலோரிமெட்ரி’ செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை அசையாமல் படுத்திருக்க, தலைக்கு மேல் கண்ணாடி போன்ற கூடு ஒன்றை வைத்து மூச்சுக்காற்றை அளப்பார்கள். நிமிடத்துக்கு 150 மில்லி ஆக்சிஜன் உள்ளே போய், 125 மில்லி கரியமில வாயு வெளியே வருகிறது என்று வையுங்கள். 1949இல் வியர் என்ற ஆய்வாளர் வகுத்த சூத்திரப்படி:

(150 × 3.94 + 125 × 1.11) × 1.44 = நாளுக்குச் சுமார் 1,050 கலோரி.

இதற்கு இரவிலிருந்து வெறும் வயிறு வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய சோதனை. காலையில் முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். படுக்கை, இயந்திரம், பசியாறல் என்று மூன்று படம் வரைந்து முந்தைய நாளே காட்டுங்கள். எப்போது சாப்பாடு என்று உறுதியாகத் தெரிந்தால் தவிப்பு குறையும். இட்லி டப்பா மட்டும் கண்ணில் படவே கூடாது. முடிந்த கையோடு, சொன்னபடியே கொடுத்துவிடுங்கள்.

சரி, அடுத்து நடமாட்டம். ஆக்சிலரோமீட்டர் (உடல் அசைவை அளக்கும் சிறு கருவி) கிடைத்தால் இடுப்பில் ஏழு நாள் கட்டுங்கள், வார இறுதியும் சேர்த்து. பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் வேண்டாம். குளிக்க, நீந்தக் கழற்றினால் நேரத்தைக் குறித்து வையுங்கள். “சனி 4:00–4:45, நீச்சல் குளம்” என்று எழுதினால் போதும். இல்லாவிட்டால் நாம் நீந்திய நேரத்தை இயந்திரம் சும்மா இருந்ததாகக் கணக்கிடும்.

சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் நடைச் சவாலில் கிடைத்த கைப்பட்டையைக் கட்டலாமா? கட்டலாம், ஆனால் காலடி எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். அதையும் பிள்ளையின் போன மாதக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும், அண்ணன் தங்கையோடு அல்ல. அது காட்டும் கலோரியை நம்பாதீர்கள். வழக்கமான தசை உள்ள உடலுக்குப் போட்ட கணக்கு அது. “300 எரித்தாயிற்று” என்று கூடுதலாக ஒரு பரோட்டா வைத்தால் பாதிப்பு பிள்ளைக்குத்தான்.

முழு நாள் செலவையும் துல்லியமாக அறிய, விசேஷத் தண்ணீரைக் குடிக்கவைத்துச் சிறுநீரைச் சோதிக்கும் முறையும் உண்டு. பெரும்பாலும் ஆய்வுகளில்தான் செய்வார்கள்.

அப்புறம், வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்கினால் தசை கூடும். பழைய எண் பொருந்தாது. மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.