வேலியிலேயே பாதிக் கறி கிடைக்கும்

நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உடைமுள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தால் கொஞ்ச நாளில் கறையான் அரித்துவிடும். அதற்குக் கிளுவை மரத்தின் போத்து, அதாவது ஊன்றினால் துளிர்க்கும் கொம்பு, நடுவதே மேல். இலையுதிர்ந்து நிற்கும் மரத்தில், கட்டைவிரல் கனத்துக்கு மேல் இருக்கும் கொம்பாக நாலடி நீளம் வெட்டி, நிழலில் இரண்டு நாள் போட்டுவைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓரடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள். ஆடு நுழையும் இடங்களில் மட்டும் இடையிடையே ஆடாதோடை, நொச்சி. அவற்றில் ஆடு வாய் வைக்காது.

கிளுவை தழைத்த பிறகு கொடி ஏற்றலாம். கோவைக்காய்க் கொடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குருவி போட்ட விதையில் முளைத்தது ஆண் கொடியாக இருந்தால் பூக்குமே தவிர ஒரு காய்கூட வராது. அதனால் காய்த்துத் தொங்கும் கொடியிலிருந்தே தண்டு வெட்டி வந்து ஊன்றுங்கள். பிரண்டைக்கு இரண்டு கணு போதும், அது பாட்டுக்குப் படரும். முடக்கத்தானுக்கு வேலையே இல்லை: நாலு காயைப் பறிக்காமல் காயவிட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

கவாத்து செய்யும்போது ஒரு வருடம் உள்பக்கம், மறு வருடம் வெளிப்பக்கம் என்று வெட்டுங்கள். மொத்தமாக மொட்டையடித்தால் கொடியும் போகும், குருவிக் கூடும் போகும். சீமைக்கருவேலம் தலைகாட்டினால் மட்டும் தயவு பார்க்காமல், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.