மலையேறும் லாரியில் எஞ்சின் சூடு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்-சாண்டோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு கொல்லம் பக்கம் போகும் லாரிகள், புளியரை எஸ் வளைவைத் தாண்டிக் கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் எட்டுவதற்குள் ஆவி கக்கி ஓரங்கட்டி நிற்பதைச் செங்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். வண்டி மாறுகிறது, ஓட்டுநர் மாறுகிறார், தவறு மட்டும் மாறுவதில்லை. எங்கள் தலைமுறை தொழில் பழகியபோது செய்ததையே இன்றைய பையன்களும் செய்கிறார்கள். தண்ணீர் பார்க்காமல் கிளம்புவது, பெல்ட் தளர்ந்திருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சூடேறுகிறது என்று வண்டி வந்தால், காரணம் தேடாமல் முதல் வேலையாக, சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டு வெறும் கேஸ்கெட்டை வைத்து மூடிவிடுகிறார்கள். "தடை போய்விட்டது, இனித் தண்ணீர் தாராளமாக ஓடும்" என்று விளக்கம் வேறு.

பழைய தெர்மோஸ்டாட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் சிறிய குப்பி, அதற்குள் மெழுகு. சூட்டில் மெழுகு விரிந்து மேல்தட்டைத் திறக்கும். பல டீசல் எஞ்சின்களில் அடியில் இன்னொரு சின்னத் தட்டும் இருக்கும். மேல்தட்டு திறக்கத் திறக்க, இந்தக் கீழ்த்தட்டு போய், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போவது இந்த அடைப்பினால்தான். தெர்மோஸ்டாட்டை எடுத்தால் இந்த அடைப்பும் போய்விடும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பி, அதே சூட்டோடு மறுபடி எஞ்சினைச் சுற்றும்.

டிப்பர் ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, சமவெளியில் சூடு காட்டும் முள் எழும்புவதே இல்லை, ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது" என்றார். வேறு ஊரில் பம்பை மாற்றியிருந்தார், ஹெட் கேஸ்கெட்டும் மாற்றியிருந்தார். ஆயில் கம்பியை எடுத்து முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையான பிசின். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சமவெளியில் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாததால், எரியாத டீசல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி, லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை உறையின்) ஆயில் படலத்தைக் கழுவி, ஆயிலையும் நீர்க்கச் செய்திருந்தது. அந்த நீர்த்த ஆயிலோடுதான் அவர் புளியரை ஏறிக்கொண்டிருந்தார். முதன்முதலில் சூடேறியதற்கான காரணமோ, இன்டர்கூலருக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது) ரேடியேட்டருக்கும் நடுவில் அப்பியிருந்த தூசி. ஒரு மணி நேரத்தில் கழுவியிருக்கலாம்! அதற்குப் பதிலாக அவர் ஒரு மாத வருமானத்தைத் தொலைத்தார்.

2020 ஏப்ரல் முதல் வந்த, பிஎஸ்-6 புகை விதிப்படியான வண்டிகளில் இது இன்னும் மோசம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது, அடைத்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியையும் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் தட்டு அசையத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகும். திறக்கவில்லையென்றால் புதிது வாங்கிப் போடுங்கள், அந்த எஞ்சினுக்கு உரியதாகப் பார்த்து.

ஆயில் சூட்டைத் தனி நோயாக நினைப்பது

பெரும்பாலான லாரிகளில் ஆயில் கூலரைக் குளிர்விப்பதே கூலன்ட், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் அதே தண்ணீர்தான். சுமையேற்றத்தில் ஆயில், கூலன்ட்டைவிடப் பத்து இருபது டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் கூலரின் உள்ளே கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சூடு குறையும் என்பது தவறான நம்பிக்கை. "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரைக்க வைத்து, சூட்டை இன்னும் ஏற்றும்.

முள்ளை மட்டும் நம்புவது

தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் சென்சார் தண்ணீரைத் தொடாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் இறங்கிக் காட்டலாம். ஏற்றத்தில் முள் திடீரென்று விழுந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

போர்வெல் தண்ணீர்

ஊற்றாதீர்கள். உப்பு படியும், லைனரின் வெளிப்புறம் அரித்து ஓட்டை விழும்.

ரேடியேட்டரை முன்பக்கமிருந்து பீய்ச்சுவது

வைக்கோல் தூசி உள்ளேதான் போகும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுங்கள். அழுத்தம் அதிகமானால் இதழ்கள் மடங்கிவிடும்.

கொதிக்கும்போது மூடியைத் திறப்பது

வேண்டவே வேண்டாம். 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி இருக்கும்வரை உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் முகத்துக்கு வரும்.

பெரிய கியரில் இழுப்பது

கியரைக் குறைக்கச் சோம்பல்படும் ஓட்டுநர்கள் எஞ்சினைத் திணறவிட்டு ஏறுகிறார்கள். சுற்று குறைந்தால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், ஃபேனும் அப்படியே. வளைவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள்.

ஏறி முடித்தவுடன் எஞ்சினை அணைப்பது

கோட்டைவாசலில் கருப்பசாமியைக் கும்பிட வண்டியை நிறுத்துவார்கள். சாவியையும் உடனே திருப்பிவிடுவார்கள். புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ அப்போதுதான் கடும் சூட்டில் இருக்கும். அதற்கான ஆயில் ஓட்டம் நின்றால், தேங்கிய ஆயில் பேரிங்கில் கரியாகக் கருகும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். கும்பிட்டுவிட்டு வந்து அணைத்தால் போதும். கிளீனர் வண்டியிலேயே இருக்கட்டும்.