ரோட்டில் பிளாக் (வாகன நெரிசல்) எங்கே பிடிக்கிறது? நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்கள், மெடிக்கல் காலேஜுக்கோ ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ வேலைக்கோ, வழியில் பாலராமபுரம் வந்ததும் ஒரே பேச்சுதான்: "வண்டி பெருகிப் போச்சு, அதான் பிளாக்." பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்க முடியாது. எந்த இடத்தில், எதனால் என்று தெரிந்தால்தான் கேட்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு செல்போனும் ஒரு மணி நேரமும் போதும்.

சாதாரண வேலை நாளாகப் பாருங்கள், காலை எட்டரையிலிருந்து பத்துக்குள். ஓணம், ஆற்றுக்கால் பொங்கல் சமயத்தில் போனால் நகரமே நின்றுகொண்டிருக்கும், ஒன்றும் பிடிபடாது.

முக்கியமான வேலை இனிமேல்தான். நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் காரணம் இருக்காது, அது வரிசையின் வால். இறங்கி, ஓரமாக முன்னால் நடங்கள். ஓரிடம் வரும், அதைத் தாண்டினதும் வண்டிகள் சட்டென்று வேகம் பிடித்துப் பறக்கும். அந்த இடத்தில் நின்று நாலு பக்கமும் பாருங்கள், காரணம் பெரும்பாலும் கண் முன்னாலேயே இருக்கும். பாலராமபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் நகரத்துக் கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரையும், அப்புறம் கொடிநடை வரையும் ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தினார்கள். கொடிநடையோடு அந்த அகலம் நின்றது. அதற்கப்புறம் சுருங்கின ரோடு போய்ச் சேர்ந்தது, விழிஞ்ஞம் ரோடும் காட்டாக்கடை ரோடும் சந்திக்கிற பாலராமபுரம் ஜங்ஷனில். நாலு வழியில் வேகமாக வந்ததெல்லாம் அங்கே போய்க் குவியாமல் வேறு என்ன செய்யும்? ரோட்டைப் பாதி தூரம் அகலப்படுத்தினால் பிளாக் ஒழியாது, அடுத்த ஊருக்கு நகரும், அவ்வளவுதான்.

சிக்னல் இருக்கிற இடமென்றால் எண்ணிப் பாருங்கள். பச்சை விழுந்ததும் முதல் இரண்டு மூன்று கார் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும், பிறகு ஒரு வரிசையில் ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒரு கார் என்று போக வேண்டும். முப்பது வினாடிப் பச்சையில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கார் தாண்டினால் சிக்னல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம் (இடையில் புகுந்து போகிற பைக்குகளை இதில் சேர்க்காதீர்கள், அவை தனிக் கணக்கு). ஆறோ ஏழோதான் போகிறதென்றால் தடை சிக்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது ஜங்ஷன் தாண்டின உடனே இருக்கிற பஸ் ஸ்டாப், இல்லாவிட்டால் கடை வாசலில் "இதோ வந்துடறேன்" என்று நிறுத்திவிட்டுப் போன ஒரு கார். ஒரே ஒரு கார் நின்றாலும் ஒரு வரிசை முழுவதும் அடைபட்டுவிடும். திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனும் கேஎஸ்ஆர்டிசி (கேரள அரசு பஸ்) ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கின்றன. பெட்டியோடு குறுக்கே கடக்கிற ஜனத்தையும் ஆள் பிடிக்க மெதுவாக உருளுகிற ஆட்டோவையும் எந்த சிக்னலும் சரி செய்துவிடாது.

"பத்து நிமிஷம்தானே லாரி நின்றது, ஒரு மணி நேரமாகியும் ஏன் கலையவில்லை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழியில் நிமிஷத்துக்கு முப்பது வண்டி போகலாம், இருபத்தைந்து வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். பாறை ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று டயர் வெடித்து அந்த வழியை அடைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றால் இருநூற்றைம்பது வண்டி சேர்ந்துவிடும். லாரியை ஒதுக்கினபின் நிமிஷத்துக்கு ஐந்து ஐந்தாகத்தான் வரிசை குறையும், ஆகவே முழுக்கக் கலைய இன்னும் ஐம்பது நிமிஷம். பீக் நேரத்தில் கனரக லாரியை விடாதே என்று கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சில சமயம் முன்னால் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அதுவும் நிஜமான பிளாக்தான். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், 2008இல் அந்த ஆய்வு வெளியானது. சிக்னல் இல்லை, குறுகலும் இல்லை. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வருகிறவர் கொஞ்சம் கூடக் குறைக்க, கடைசியில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. நெருக்கமாக ஓட்டுகிற இடத்தில் இது நடக்கும், இடைவெளி விட்டு ஓட்டுவது தவிர மருந்து கிடையாது. நம்மூரில் இடைவெளி விட்டால் அதில் ஒரு ஆட்டோ நுழையும் என்பது வேறு விஷயம்.

பாலம் கட்டினால் தீரும் என்கிறவர்களுக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்தைக் காட்டலாம். 2018இல் திறந்தார்கள். ஊரைக் கடந்து போகிறவர்களுக்கு நல்ல வசதி. சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வருகிறவர்கள் மேலே ஏறி என்ன செய்வார்கள்? ஆகவே உங்கள் ஜங்ஷனில் நிற்கிற வண்டிகளில் கடந்து போகிறவை எவ்வளவு, அங்கேயே இறங்குகிறவை எவ்வளவு என்று தோராயமாகவாவது பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே இறங்குகிறதென்றால் பாலத்தைக் கேட்காதீர்கள், பார்க்கிங்கையும் பஸ் ஸ்டாப்பையும் கேளுங்கள்.

பார்த்ததை மனுவாக எழுதும்போது நேரம், இடம், எண்ணின கணக்கு, இரண்டு போட்டோ. நம் குமரி மாவட்டப் பக்கமென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், அந்தக் கேரளப் பக்கமென்றால் டிராஃபிக் போலீஸுக்கும் பொதுப்பணித் துறைக்கும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை வையுங்கள். பத்து வைத்தால் அதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பதில் போட்டு ஃபைலை மூடிவிடுவார்கள்.