போன் உறைக்குள் ஏ.டி.எம். கார்டு

வருடத்துக்கு இரண்டு முறையாவது பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு காசிக்கோ ஹரித்வாருக்கோ ரயிலேறுகிறவன் நான். டிக்கெட் போடுவது, தங்க இடம் பார்ப்பது, வழி தவறியவர்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் என் தலையில்தான். போன முறை சென்ட்ரலில் வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் டி.டி.இ. வந்தார். முதல் முறையாக வடக்கே வரும் தம்பி ஒருவர், அடையாள அட்டை கேட்டதும் போனின் பின்னுறையைக் கழற்றினார். உள்ளே ஆதார், அதன் கீழே ஏ.டி.எம். கார்டு, அதற்கும் கீழே நாலாக மடித்த 500 ரூபாய் நோட்டு.

"எல்லாம் ஒரே இடத்துல இருக்குண்ணா, தொலையாது" என்றார்.

2019-இல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் பயணத்தில் போனை நம்பி நாம் செய்யும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன். சார்ஜரை மறக்காதீர்கள், மெமரியைக் காலி செய்துகொள்ளுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் மறப்போம்.

பூட்டியது போனைத்தான், சிம்மை அல்ல

அந்த 2019 பயணத்தில் நாக்பூர் தாண்டியிருந்தோம். ஸ்லீப்பர் கோச், ஜன்னலோரம், மே மாத வெயில். ஷட்டரை இறக்க மனம் வரவில்லை. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றிருந்த வண்டி மெல்ல நகர்ந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. அடுத்த நொடி சார்ஜர் கேபிள் மட்டும் என் மடியில் கிடந்தது. வண்டி நிற்கும்போது பிடுங்க மாட்டார்கள், இறங்கி ஓடிவந்து பிடித்துவிடுவோமே. நகரத் தொடங்கும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

போன் போன வருத்தம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறேனே, திறக்கவா முடியும் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கமெல்லாம் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. எடுத்தவனுக்கு என் போனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரத்தில் ஊசியைக் குத்தி சிம்மை வெளியே எடுத்து, வேறொரு போனில் போட்டால் போதும். எனக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குப் போகும். யு.பி.ஐ. செயலியை அந்தப் போனில் ஏற்றினால், என் எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போய், வங்கிக் கணக்கு வந்து நிற்கும். யு.பி.ஐ. பின் எண்ணைப் புதிதாக அமைக்கக் கேட்பது என்ன? டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதித் தேதி, அப்புறம் ஒரு ஓ.டி.பி. சில வங்கிகள் ஏ.டி.எம். பின்னையும் கேட்கும். என் வங்கி கேட்கவில்லை. கார்டு எங்கே இருந்தது? போன் உறைக்குள். கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

சரி, உடனே வீட்டுக்குச் சொல்லலாம் என்று பக்கத்து இருக்கைக்காரரின் போனை வாங்கினேன். மனைவியின் எண் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் பேசிய எண்! பெயரைத் தொட்டுத் தொட்டுப் பேசியதில் எண் மனதில் தங்கவே இல்லை. ஞாபகம் இருந்தது என் எண்ணும், அப்பா வீட்டு லேண்ட்லைன் எண்ணும்தான். அப்பாவைப் பிடித்து, அவர் டைரியைத் தேடி மனைவியின் எண்ணைச் சொல்லி, மனைவி பாஸ்புக்கைத் தேடி வங்கி எண்ணைச் சொல்லி, நடுவில் சிக்னல் போய், ஒருவழியாகக் கணக்கை முடக்கியபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு தவணையாக 38,000 ரூபாய் போயிருந்தது.

பணம் திரும்ப வரவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி ஒன்று உண்டு. வங்கிமீதும் நம்மீதும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் நம் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் நம் கணக்கு. "கார்டை எங்கே சார் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அத்தோடு முடிந்தது.

அதோடும் விடவில்லை. காசியில் புது சிம் கேட்டுப் போனால், உங்கள் மாநிலத்தில்தான் தருவார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து வாங்கிய பிறகும், புது சிம் உயிர் பெற்று 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அந்த ஒரு நாள் ஓ.டி.பி. இல்லாமல் எந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியவில்லை.

இப்போது என் குழுவில் யார் வந்தாலும் கிளம்பும் முன் சிம்முக்கு ஒரு பின் எண் போடச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'சிம் லாக்' என்று இருக்கும்; ஐபோனில் மொபைல் சேவைப் பகுதியில் 'சிம் பின்'. இதைப் போட்டுவிட்டால் சிம்மை வேறு போனுக்கு மாற்றினாலும் பின் கேட்கும். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் நிறுவனம் தரும் பி.யு.கே. எண் இல்லாமல் திறக்காது. இதில்தான் ஒரு சிக்கல்: முதலில் நிறுவனம் வைத்திருக்கும் பழைய பின் எண்ணைக் கொடுத்தால்தான் புதியதை வைக்க முடியும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்து அடித்துப் பார்த்து, ரயிலேறும் நாளன்றே சிம்மைப் பூட்டிக்கொண்டவர்கள் என் குழுவிலேயே இரண்டு பேர். ஒரு வாரம் முன்னாலேயே வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போனை அணைத்துப் போட்டாலும் பின் கேட்கும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் போன் கெட்டுப்போச்சு என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

கார்டு வேறு பையில். ஆதார் வேறு பையில். அன்றாடச் செலவுக்கு ஒரு சின்னக் கணக்கு, அதில் பத்தாயிரத்துக்குள் பணம், பயணத்தில் யு.பி.ஐ. அந்தக் கணக்கில் மட்டும்.

அப்புறம் ஒரு காகிதம். சிரிக்காதீர்கள். வீட்டு எண்கள் இரண்டு, கார்டை முடக்கும் வங்கி எண், சிம் நிறுவனத்தின் எண், பி.என்.ஆர்., போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. கடைசியாகச் சொன்னது *#06# என்று அடித்தால் திரையில் வரும். இதை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள், போனில் போட்டோவாக அல்ல.

போன் போனால் எல்லோரும் முதலில் போலீஸைத் தேடி ஓடுகிறார்கள். அது மூன்றாவது வேலை. முதலில் யாருடைய போனையாவது வாங்கி சிம்மை முடக்குங்கள். அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. புகாரை ரயிலிலேயே கொடுக்கலாம், டி.டி.இ.யிடம் அதற்கான படிவம் இருக்கும். எங்கே திருடு போனது என்று எல்லை பார்க்காமல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். அந்தப் புகார் நகல் கையில் இருந்தால், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கலாம். 2023-இல்தான் இது நாடு முழுக்க வந்தது, எனக்கு உதவவில்லை. ஓ.டி.பி. வாங்க இன்னொருவர் எண்ணைக் கொடுத்தால் போதும்.

பூட்டிய திரையில் ஓ.டி.பி. தெரிவது

இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

கோயில் வாசலில் போனைக் கொடுத்த பிறகு

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018-இலிருந்து போனுக்கு அனுமதி இல்லை. பழனியில் 2023 அக்டோபரிலிருந்து. காசி விசுவநாதர் கோயிலிலும் அப்படித்தான். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனபின்தான் நம்மவர்களுக்கு உறைக்கும்: பர்ஸும் அதிலேதான், கடிகாரமும் அதிலேதான், கூட வந்தவர்களைத் தேடும் வழியும் அதிலேதான் என்று. உண்டியலில் போடப் பத்து ரூபாய் இல்லாமல் கைகூப்பிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காசியில் இன்னும் மோசம். உள்ளே போன வாசல் ஒன்றாக இருக்கும், கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விடும் வாசல் இன்னொன்றாக இருக்கும். செருப்பும் போனும் முதல் வாசல் பக்கத்துப் பூக்கடையில். சந்துக்குச் சந்து ஒரே மாதிரி பூக்கடைகள். எங்கள் குழுவில் ஒரு அம்மா இரண்டு மணி நேரம் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். கடைசியில் கோதோலியா சந்திப்பில் ஒரு டீக்கடைக்காரர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து, போனைக் கொடுக்கும் முன் அந்தக் கடையின் முகப்பை எல்லோரையும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கச் சொல்கிறேன். சந்திக்கும் இடம் தசாஸ்வமேத படித்துறை என்று முடிவு செய்துகொள்கிறோம். ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம், சில்லறையாக 200 ரூபாய்.

ப்ரீபெய்டு சிம்மோடு காஷ்மீருக்கு

வேலை செய்யாது. லடாக்கிலும் அப்படியே. போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லையென்றால் அங்கே போய்ப் புது சிம்.

மேப் காட்டும் குறுக்கு வழி

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப்பில் பார்த்தால் கல்லட்டி வழிதான் கிட்டே. 36 கொண்டை ஊசி வளைவு இருப்பதையும், பிரேக் சூடேறும் செங்குத்து இறக்கம் என்பதையும், வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை என்பதையும் மேப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் நடுவட்டம், கூடலூர் என்று சுற்ற வேண்டும். முதுமலையைத் தாண்டி மைசூர் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-இலிருந்து இப்படித்தான். மேப் சொல்லும் நேரத்தை நம்பி நிதானமாக டீ குடித்துவிட்டுப் போய், இரவெல்லாம் காரில் தூங்கியிருக்கிறேன். மலையில் சிக்னல் இருக்காது என்பதால் மேப்பை முன்கூட்டியே இறக்கிவைப்பதெல்லாம் நல்லதுதான். அதைவிட நல்லது, பெட்ரோல் பங்கில் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை கேட்பது.

கூகுளில் தேடியெடுத்த கஸ்டமர் கேர் எண்

அழைக்காதீர்கள். ரயில் விஷயம் எதுவானாலும் 139. விடுதி எண் வேண்டுமென்றால் முன்பதிவு ரசீதில் பாருங்கள். கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தைத் தவிர வேறு யார் தருவதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் எவ்வளவு அழகான போட்டோ வந்தாலும் சரி.

இலவச வைஃபையில் சேராதே, பொது இடத்தில் சார்ஜ் போடாதே என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் அவ்வளவு பயம் இல்லை. இத்தனை வருடத்தில் என் குழுவினர் இழந்ததெல்லாம் உறை, ஜன்னல், போலி எண் ஆகிய மூன்று வழிகளில்தான் போயிருக்கிறது.

ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு

தீ விபத்துக்குப் பயந்து, இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை கோச்சில் சார்ஜிங் இணைப்பை நிறுத்துவதென்று 2021-இல் ரயில்வே முடிவெடுத்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

பவர் பேங்க்

விமானம் என்றால் கைப்பையில் மட்டும்.

அந்தத் தம்பியிடம் இந்தக் கதையை நாக்பூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டார். திரும்பி வரும்போது ஏ.டி.எம். கார்டு இடுப்புப் பைக்கு மாறியிருந்தது, 500 ரூபாய் செலவாகியிருந்தது. ஆதார் மட்டும் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

"டி.டி.இ. கேட்டா சட்டுன்னு எடுக்கணும்ல அண்ணா" என்றார்.