காணி வீட்டுக்கு ஸ்னோ இயந்திரம்: வாங்கும் முன் விடுகிற பிழைகள்

போன நவம்பரில் ஒரு பின்னேரம் நண்பர் ஒருவர் போன் எடுத்தார். ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, ஒன்ராறியோவின் கிரே கவுண்டியில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஐந்து ஏக்கர் காணியோடு வீடு வாங்கியிருந்தார். “அண்ணை, 28 இஞ்சி புளோவர் ஒன்று மலிவாகப் போட்டிருக்கிறான். எடுக்கட்டா?” பனியை உள்ளே இழுத்துத் தூர எறிகிற இயந்திரம்தான் புளோவர்; 28 இஞ்சி என்பது அதன் வாயகலம்.

“டிரைவ்வே எவ்வளவு நீளம்?”

“அளக்கவில்லை அண்ணை. கொஞ்சம் நீளம்தான்.”

அளக்காமல் வாங்கப் போவதுதான் முதற் பிழை. நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நகரத்து டிரைவ்வேயில் இரண்டு கார் நிற்கும். அறுபது சதுர மீற்றர் இருந்தால் அதிகம். சவள் ஒன்றும் கொஞ்சம் முதுகும் இருந்தால் சமாளித்துவிடலாம். எங்களுடையது 150 மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம். அதில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 90 கன மீற்றர். புதிதாக விழுந்த பனி கன மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்தாலும் ஒன்பது தொன். ஈரப் பனி என்றால் இரண்டு மூன்று மடங்கு. இவ்வளவையும் காலையில் வேலைக்குப் போகும் முன் நகர்த்த வேண்டும்.

28 இஞ்சி புளோவரால் மூன்று மீற்றர் அகலத்தை முடிக்க பாதை நீளத்துக்கு ஐந்து தடவை ஓட்ட வேண்டும். அதாவது 750 மீற்றர் நடை. ஆழமான பனியில் அந்த இயந்திரம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் அளவில்தான் நகரும். முக்கால் மணி நேரம், இருட்டு, முகத்தில் திரும்பி அடிக்கிற பனித்தூள். வருடத்தில் நாலு நாள் என்றால் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருக்கிற இந்தப் பக்கங்களில் ஏரிப் பனி என்று ஒன்று உண்டு. உறையாத ஏரித் தண்ணீருக்கு மேலால் குளிர்காற்று வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். ஒரே ஊர்மேல் நாள் கணக்கில் நின்று கொட்டுவதும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில், குடாவுக்குக் கிழக்கே இருக்கிற கிரேவன்ஹர்ஸ்டில் ஒரு வார இறுதிக்குள் ஒரு மீற்றருக்கு மேல் விழுந்தது. சராசரிப் பனியை மனதில் வைத்து இயந்திரம் வாங்கியவர்கள் அகப்படுவது இப்படியான நாட்களில்தான்.

கிரவல் பாதை என்பதை மறப்பது

கடையில் பளபளப்பாக நிற்கும் சின்ன புளோவர்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கட்ட வகை. அவற்றின் ரப்பர்த் துடுப்பு தரையைத் தொட்டுக்கொண்டே சுற்றும். தார் போட்ட பாதைக்கு அது அருமையான சாமான், வழித்துத் துடைத்ததுபோல் இருக்கும். கிரவலில் ஓட்டினால் பனியோடு கல்லையும் சேர்த்து வீசும். கிரவல் பாதை இருப்பவர் இரட்டைக் கட்ட வகையைத்தான் பார்க்க வேண்டும். அதில் முன்னால் இருக்கும் திருகு பனியை உள்ளே இழுக்க, பின்னால் இருக்கும் விசிறி அதைத் தூக்கி எறியும். இரண்டு பக்கமும் இருக்கும் இரும்புச் சப்பாத்துகளை இறக்கிவிட்டால் திருகு தரையில் முட்டாமல் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்.

நான் புளோவர் வாங்கிய முதல் வருடம் சப்பாத்தை இறக்காமல், கடையிலிருந்து வந்தபடியே ஓட்டினேன். தரை தெரியும்வரை வழித்தால்தான் திருப்தி, ஊர்ப் பழக்கம். ஏப்ரலில் பனி உருகியபோது டிரைவ்வேயின் பாதிக் கிரவல் புல்லுக்குள் கிடந்தது. இரண்டு சனிக்கிழமை வறண்டியால் வாரினேன். இப்போது முதல் இரண்டு பனியை வழிப்பதே இல்லை. காரால் மிதித்து இறுக்கி உறையவிட்டு, அந்தத் தளத்துக்கு மேலேதான் இயந்திரத்தை ஓட்டுகிறேன்.

அப்புறம் திருகைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஷியர் பின். கல்லோ கட்டையோ சிக்கினால் அது உடைந்து கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும். இரண்டு தடவை உடைந்ததும் “இது என்ன சனியன்” என்று உரமான போல்ட் ஒன்றைப் போட்டு முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கல்லில் போல்ட் உடையாது, கியர் உடையும். பத்துப் பின்களை வாங்கிக் கைப்பிடியில் ஒரு பையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

தள்ளிய பனி எங்கே போகும்?

எத்தனை இஞ்சி, எத்தனை எச்.பி. என்றெல்லாம் கேட்கிறார்கள். பனியை எங்கே போடுவது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், தள்ளும் தட்டா எறியும் புளோவரா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

ட்ரக்கின் முன்னால் மாட்டும் தட்டு வேகமானது. 150 மீற்றரைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சூடான கோப்பியோடு உள்ளே போகலாம். ஆனால் அது பனியை நகர்த்துகிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. இரண்டு பக்கமும் வயல் வரம்புபோல் பனி வரம்பு எழும்பும். டிசம்பரில் முழங்கால் உயரம். ஜனவரியில் அது உறைந்து கல்லாகிவிடும், பிறகு தட்டு அதை அசைக்காது. ஒவ்வொரு பனிக்கும் பாதை ஒரு சாண் ஒடுங்கும். பக்கத்துப் பண்ணைக்காரக் கிழவர் எனக்குச் சொன்னது: மார்ச்சில் எவ்வளவு அகலம் வேண்டுமோ அதற்கு டிசம்பரிலேயே இடம் எடுத்துவிடு. அவர் முதற் பனியையே பாதை ஓரத்துக்கு அப்பால் இன்னும் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் தள்ளி வைப்பார்.

திறந்த வெளியாக இருந்தால் சங்கதி இன்னும் மோசம். எங்கள் டிரைவ்வேயின் மேற்குப் பக்கம் சோள வயல். அறுவடைக்குப் பிறகு காற்றுக்கு ஒரு தடையும் இல்லை. பனியே விழாத வெயில் நாளில்கூட வயற் பனி ஊர்ந்து வரும். பாதையின் இரு பக்கமும் வரம்பு இருந்தால் நடுவே இருக்கும் பள்ளத்தில் காற்று தன் சுமையை இறக்கிவிட்டுப் போகும். நீங்கள் தள்ளத் தள்ள வரம்பு உயரும், வரம்பு உயர உயரப் பள்ளம் நிரம்பும். முதல் இரண்டு வருடம் பழைய ட்ரக்கும் தட்டும் வைத்திருந்தேன். இரண்டாம் வருடம் பெப்ரவரியில் ஒரு காலை கதவைத் திறந்தால் டிரைவ்வே எது, வயல் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மட்டம். வீட்டுச் சூட்டுக்கான புரொபேன் வாயு கொண்டுவரும் வண்டிக்காரர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தாங்கியில் கால்வாசிதான் இருந்தது.

புளோவர் பனியைப் பல மீற்றர் தூரம் எறிவதால் வரம்பு கட்டாது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எறிந்தால் போதும். ஆகவே மரங்கள் காற்றை மறைக்கும், ஓரத்தில் தாராளமாக இடம் இருக்கும் பாதை என்றால் தட்டு. காற்று வீசும் வெளி என்றால், நேரம் கூடச் சென்றாலும், புளோவர். ஏ.ரி.வி. என்கிற, காட்டுப் பாதையில் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டியில் மாட்டும் சின்னத் தட்டும் உண்டு. அரை அடிப் பனிவரை உற்சாகமாக ஓடும், ஆனால் உறைந்த வரம்பில் முட்டினால் தட்டு அப்படியே நிற்க வண்டிதான் பக்கவாட்டில் வழுக்கும்.

காற்றில் வரும் பனியை வழியிலேயே இறக்கவைக்கும் பனி வேலி போட்டால் இயந்திரத்தின் பாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேலியைப் பாதை ஓரத்திலேயே நடுகிறார்கள். வேலியைத் தாண்டிய பிறகுதான் காற்று பனியை இறக்கும், அதுவும் வேலி உயரத்தைப்போல் 35 மடங்கு தூரம்வரை. நாலு அடி வேலி என்றால் 140 அடி தள்ளி நட வேண்டும். கிட்ட நட்டால் டிரைவ்வேயைப் புதைக்க நீங்களே ஆள் வைத்த மாதிரி.

ட்ராக்டர் இருக்கிறதுதானே என்று நினைப்பது

காணி வாங்கினால் சின்ன ட்ராக்டரும் வாங்குவார்கள். அதன் பின்னால் பி.ரி.ஓ. புளோவர், அதாவது ட்ராக்டர் எஞ்சினின் வலுவை வெளியே கொடுக்கும் பி.ரி.ஓ. தண்டில் ஓடும் புளோவர், மாட்டுவது நீண்ட டிரைவ்வேக்கு மிக நல்ல வழி. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் 25 எச்.பி. எஞ்சினுடையது, பி.ரி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது பதினெட்டு, இருபதுதான். அடிக்கு ஐந்து பி.ரி.ஓ. எச்.பி. என்று ஒரு பருமட்டான கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இந்த ட்ராக்டருக்கு நாலடி புளோவர்தான் பொருத்தம். ஆனால் புளோவர் ட்ராக்டரின் சக்கரங்களைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழிக்காத பனியில் ஏறும். இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பின்னால் மாட்டினால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். 150 மீற்றர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போய் வந்த அன்று மனைவி என்னைக் கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்பினேன். முன்னால் மாட்டும் வகை விலை கூட, கழுத்து நோவு இருப்பவர்கள் அந்தக் காசைக் கொடுக்கலாம். எதை மாட்டினாலும் பனிக்கட்டியில் ரயர் வழுக்கும். நாலு சக்கர இழுவை இருக்கிறது என்ற நம்பிக்கையில் சங்கிலி வாங்காமல் விடாதீர்கள்.

பற்றரி புளோவர் பற்றியும் கேட்கிறார்கள். குளிரில் பற்றரியின் வலு குறையும். கராஜ் வாசலுக்குச் சரி, 150 மீற்றருக்குச் சரிவராது.

ரோட்டு வாய்

எல்லாம் முடித்துவிட்டு உள்ளே போனதும் மாநகரசபையின் பனி தள்ளும் புளோ வண்டி வந்து டிரைவ்வே வாயில் ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். உப்பும் கட்டியும் கலந்த அந்தக் குவியலைச் சின்ன இயந்திரம் தின்னாது. வாங்கப்போகும் இயந்திரத்தின் பலத்தை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரு தந்திரம்: ரோட்டைப் பார்த்து நின்றால் உங்கள் இடது பக்கமாக, டிரைவ்வேக்கு முன்னாலேயே ஓரத்தில் ஓர் இடத்தை வழித்துப் பள்ளம்போல் விடுங்கள். வண்டி தன் சுமையில் பாதியை அங்கே இறக்கிவிட்டு வரும். அந்தக் குவியலை ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாலையில் பனி போடுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 181ஆம் பிரிவில், தடுக்கிறது.

இன்னொன்று. புளோவர் வாய் அடைபட்டால் எஞ்சினை நிறுத்தினாலும் கையை விடக்கூடாது. இறுகி நிற்கும் திருகு அடைப்பு எடுபட்டதும் ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போக அது போதும். இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியோ ஒரு தடியோதான்.

நண்பர் அளந்தார். 180 மீற்றர், மேற்கே முழு வெளி. இந்த வருடம் பக்கத்துப் பண்ணைக்காரரின் பெரிய ட்ராக்டர் வந்து வழிப்பதற்குப் பருவம் முழுவதற்குமாகப் பேசி முடித்துக்கொண்டார். ரோட்டு வாய்க்கும் கராஜ் முன்னுக்கும் பாவித்த இரட்டைக் கட்டப் புளோவர் ஒன்று வாங்கினார். அந்த ட்ராக்டருக்குப் பாதை ஓரம் தெரியவேண்டுமே, கம்புகள் நட்டாயிற்றா என்று டிசம்பர் நடுவில் கேட்டேன்.

“நிலம் உறைந்துபோச்சு அண்ணை. சுத்தியலால் அடித்தும் இறங்குதில்லை. வாளிகளில் மணல் நிரப்பி அதில் குத்தி வைத்திருக்கிறேன்.”